பொத்திப் பொத்தி வைத்த லேப்டாப் பேட்டரி முதலில் போனது எப்படி?

ராக்கோழி:

நானும் தங்கையும் ஒரே நாளில் ஒரே மாடல் லேப்டாப் வாங்கினோம், மூன்றரை வருஷம் ஆகிறது. என்னுடையது மேசையை விட்டு நகராது. சார்ஜர் எந்நேரமும் செருகியே இருக்கும், கரண்டிலேயே ஓடினால் பேட்டரி தேயாது, தேவைப்படும் நாளில் புதுசு மாதிரி கை கொடுக்கும் என்று ஒரு கணக்கு. அவள் நேர் எதிர். கட்டில், மொட்டைமாடி, பயணம் என்று தூக்கிக்கொண்டே அலைவாள், சிவப்பு காட்டினால்தான் சார்ஜர் ஞாபகம் வரும், அதையும் முக்கால்வாசி ஏறுவதற்குள் பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

நேற்று இரண்டிலும் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போது இரண்டுக்கும் கொள்ளளவு 50,000 மில்லிவாட் மணி. இப்போது என்னுடையது முழுசாக ஏற்றினால் 30,900தான் காட்டுகிறது, சைக்கிள் கவுண்ட் 94. அவளுடையது 41,200, சைக்கிள் 517. மாடாய் உழைத்தது திடமாக நிற்கிறது, உட்கார்ந்து தின்றது படுத்துவிட்டது. என்ன நியாயம் இது?

அப்பா சொல்வது: மாதம் ஒருமுறை சுத்தமாக இறக்கிவிட்டு ஏற்றாததால் வந்த வினை. நண்பன் சொல்வது: 20க்குக் கீழே போகக் கூடாது, 80க்கு மேலே ஏறக் கூடாது. இன்னொருத்தர் ராத்திரி முழுக்கப் போனை சார்ஜில் போடுவதே பாவம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கடைசியாக ஒன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஒரு மாதமாக டச்பேடின் வலது பக்கத்தை அழுத்தினால் 'டக்' என்று சொடுக்குவதில்லை, மரக்கட்டையை அழுத்துவது போல இருக்கிறது. தூசி போயிருக்கும் என்று ஊதிப் பார்த்தேன், பலனில்லை.

பழைய டார்ச்:

அப்பா சொல்வதுதான் சரி நண்பரே. பேட்டரிக்கு மெமரி எஃபெக்ட் என்று ஒன்று உண்டு. பாதியிலேயே ஏற்றி ஏற்றிப் பழக்கினால் அது பாதிதான் தன் கொள்ளளவு என்று நினைத்துக்கொள்ளும். நான் இருபது வருஷமாக எல்லாவற்றையும் பூஜ்யம் வரை இறக்கித்தான் ஏற்றுகிறேன். உங்களுடையதையும் ஒரு பத்து தடவை முழுசாக இறக்கி ஏற்றிப் பாருங்கள், தேறிவிடும்.

சால்டரிங் சாமி:

வேண்டாம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சார்ஜ் விவகாரமெல்லாம் அப்புறம். முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள்.

டச்பேட் மரக்கட்டை மாதிரி ஆவது தூசியால் அல்ல. பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் டச்பேடுக்கு அடியில்தான் பேட்டரி படுத்திருக்கும். செல் உப்பினால் கீழேயிருந்து டச்பேடை முட்டும், அப்போது அதற்கு அழுங்க இடமிருக்காது. மேசையில் தட்டையாக வைத்து ஒரு மூலையைத் தட்டிப் பாருங்கள், ஆடுகிறதா? அடிமூடியின் விளிம்பில் நகம் நுழையும் இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் உறுதி. அமுக்கிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை இறக்குகிறேன் என்று எவராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம், உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவமும் வாயுவும். பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.

ராக்கோழி:

ஆடுகிறது. நன்றாகவே ஆடுகிறது. சர்வீஸ்காரர் என் கண் முன்னாலேயே திறந்தார். மூன்று செல்லில் இரண்டு தலையணை மாதிரி உப்பி, மேல் உறை பளபளவென்று இறுகி நிற்கிறது, மூன்றாவது மட்டும் தட்டையாக. இத்தனை நாள் இதன் மேல்தான் மணிக்கட்டை வைத்துத் தட்டச்சு செய்திருக்கிறேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கழற்றியாயிற்று. நன்றி சாமி அண்ணா. புது பேட்டரி வரும்வரை தங்கையின் லேப்டாப்பில் இருந்து எழுதுகிறேன், கிண்டல் தாங்க முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள், 94 சைக்கிளில் எப்படி?

சால்டரிங் சாமி:

நல்லவேளை. சரி, விஷயத்துக்கு வருவோம், கொஞ்சம் நீளும்.

சைக்கிள் என்றால் சார்ஜரைச் செருகிய தடவை அல்ல. முழு கொள்ளளவு ஒருமுறை வெளியே போனால் ஒரு சைக்கிள். 100லிருந்து 50க்கு இறக்கி ஏற்றுவதை இரண்டு தடவை செய்தால்தான் ஒன்று என்று எண்ணும். ஆகவே உங்கள் தங்கை பாதியில் பிடுங்குவதால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

பேட்டரிக்கு மூப்பு இரண்டு வழியில் வரும். உழைப்பதால் வருவது ஒன்று, சும்மா நாள் கடப்பதால் வருவது இன்னொன்று. நீங்கள் முதல் கதவை இறுகச் சாத்திவிட்டு இரண்டாவதை ஆவென்று திறந்து வைத்துவிட்டீர்கள். லேப்டாப்பிலும் போனிலும் இருப்பது லித்தியம் அயனி செல். அதில் ஒரு பக்கம் கிராஃபைட், எதிர்ப்பக்கம் கோபால்ட், நிக்கல் மாதிரி உலோகங்களின் ஆக்சைடு, நடுவில் மின்பகுளித் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காரும், இறங்கும்போது திரும்பிப் போகும். இந்தப் போக்குவரத்து மட்டும் நடந்தால் பேட்டரிக்குச் சாவே இல்லை. ஆனால் கிராஃபைட்டின் மேல் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. புது செல்லின் முதல் சில சார்ஜிலேயே உருவாகிவிடும், அது தேவையானதும் கூட, மேற்கொண்டு சிதையாமல் காப்பது அதுதான். சிக்கல் என்னவென்றால் அது வளர்வதை முழுசாக நிறுத்துவதே இல்லை. வளர்வதற்கு லித்தியத்தைத் தின்னும், தின்றதைத் திருப்பித் தராது.

இந்த வளர்ச்சியை விரட்டுபவை இரண்டு: சூடு, நிறைந்த சார்ஜ். செல் 4.2 வோல்ட்டில் நிற்கும்போது ஆக்சைடு பக்கமும் சும்மா இருக்காது, திரவத்தை ஆக்சிஜனேற்றம் செய்து வாயுவை உண்டாக்கும். உங்கள் செல் உப்பியது இதனால்தான். இப்போது உங்கள் மேசையை நினைத்துப் பாருங்கள். எந்நேரமும் 100%, பக்கத்திலேயே பிராசசரின் அனல், மூன்றரை வருஷம் இரவு பகலாக. உழைக்காமல் இருந்தது என்கிறீர்கள், அது நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை உண்டு, இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. லித்தியம் அயனி பேட்டரியை 25 டிகிரி செல்சியஸில் 40% சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்தால் 96% கொள்ளளவு மிஞ்சும், 100% சார்ஜோடு வைத்தால் 80%. அதே 40 டிகிரியில் என்றால் 85% மற்றும் 65%. செல்லுக்குச் செல் எண்கள் மாறும், திசை மாறாது. ஒரு தடவை கூடப் பயன்படுத்தாமலே இவ்வளவு போகிறது என்பதைக் கவனியுங்கள்.

தங்கையின் லேப்டாப் நாளின் பெரும்பகுதி 30க்கும் 80க்கும் நடுவில் இருந்திருக்கும், திட்டமிட்டுச் செய்யவில்லை, சோம்பேறித்தனம் காப்பாற்றியிருக்கிறது.

கிராஃபைட்:

சாமி சொன்னதோடு ஒரு கணக்கு. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் என்ற பேராசிரியரின் குழு, செல்லுக்குள் போன மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மிகத் துல்லியமாக அளப்பதற்கென்றே கருவிகள் அமைத்தவர்கள். ஏன் அவ்வளவு துல்லியம் வேண்டும் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 99.9% திரும்பினால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கால்குலேட்டரில் 0.999ஐ ஆயிரம் தடவை பெருக்கிப் பாருங்கள், 0.37 வரும். 99.99% என்றால் 0.90. ஒரு 9 கூடுவதில்தான் பேட்டரியின் ஆயுளே இருக்கிறது. அந்தச் சின்னக் கசிவு, எத்தனை தடவை ஏற்றினோம் என்பதை விட எவ்வளவு நேரம் எந்த வோல்ட்டில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறது. பேட்டரி கடிகாரத்தைப் பார்த்து மூப்படைகிறது.

ஆனால் உழைப்பால் தேய்வது பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லித்தியம் உள்ளே நுழையும்போது கிராஃபைட் சுமார் 10% விரிகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. முழுசாக ஏற்றி முழுசாக இறக்கினால் ஒவ்வொரு தடவையும் இந்த இழுபறி முழு அளவில் நடந்து நுண்ணிய விரிசல் விழும், விரிசலில் புது மேற்பரப்பு, அதன் மேல் புதுப் படலம், அதற்கும் லித்தியம். 100க்கும் 0வுக்கும் இடையே ஆடுவதை விட 70க்கும் 30க்கும் இடையே ஆடினால் மொத்தமாக அதிக மின்சாரத்தைக் கறக்கலாம். மாதம் ஒருமுறை பூஜ்யம் என்ற அறிவுரை லித்தியத்துக்கு உதவாது, கொஞ்சம் கெடுதல்தான்.

அப்பாவை முழுசாகத் தள்ளிவிடவும் வேண்டாம். 15% காட்டிக்கொண்டிருந்து பொட்டென்று அணைகிறது என்றால், தவறுவது செல் அல்ல, சதவீதத்தைக் கணக்கு வைக்கும் சிப். அதற்கு மேலும் கீழும் எல்லை மறந்துவிட்டது. எப்போதாவது ஒருமுறை கிட்டத்தட்டத் தீரும்வரை ஓட்டி முழுசாக ஏற்றினால் கணக்கு நேராகும். கொள்ளளவு கூடாது, காட்டுவது உண்மையாகும், அவ்வளவுதான்.

பழைய டார்ச்:

சரி, லித்தியத்தில் நான் சொன்னது தப்பு, உப்பிய செல்லைப் பத்து தடவை ஏற்றச் சொன்னதற்கு மன்னிக்கவும். ஆனால் மெமரி எஃபெக்ட் கட்டுக்கதை என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன், நிக்கல் காட்மியத்தில் அது உண்மை. செயற்கைக்கோள்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு இறங்கி ஒரே அளவு ஏறிய செல்களில் கவனித்தது. என் காலத்து கார்ட்லெஸ் போன், ரேடியோ, ஷேவர் எல்லாம் அந்த செல்லில்தான் ஓடின, இறக்கி ஏற்று என்று அதன் கையேடே சொல்லும். 1991ல் சோனி லித்தியம் அயனியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு செல் மாறிவிட்டது, எங்கள் வாய் மாறவில்லை.

நிக்கலிலும் கூட அடிமட்டம் வரை ஓட்டுவதில் ஆபத்து உண்டு, இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்ட டார்ச்சை வெளிச்சம் செந்நிறமாகிச் சாகும்வரை எரியவிடுவேன். மூன்றில் இளைத்த செல் முதலில் காலியாகும், மற்ற இரண்டும் அதன் வழியாகத் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளும், அது தலைகீழாக சார்ஜ் ஆகும். மல்டிமீட்டரை வைத்தால் மைனஸ் காட்டியது. அந்த செல் அத்தோடு சரி.

கேமராப் பை:

இடையில் நுழைகிறேன். என் கதை ராக்கோழிக்கு எதிர்க் கதை. கேமரா பேட்டரி இரண்டு, தீரும்வரை படமெடுத்துவிட்டு அப்படியே பையில் போட்டு எட்டு மாதம் மறந்துவிட்டேன். இப்போது சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு வேகமாக மினுக்குகிறது, ஏறவே இல்லை. வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு நேரடியாக ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். செய்யலாமா?

கிராஃபைட்:

செய்யாதீர்கள். சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 0% என்று காட்டும்போதும் செல்லில் சுமார் 3 வோல்ட் மிச்சம் இருக்கும், அது ஒதுக்கீடு. நீங்கள் எட்டு மாதம் விட்டதில் தானாக இறங்கியதும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் குடித்ததும் சேர்ந்து அந்த ஒதுக்கீட்டையும் தீர்த்துவிட்டன. மிகவும் கீழே போனால் கிராஃபைட்டைத் தாங்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். எழுந்தாலும் நம்ப முடியாத பேட்டரி.

நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜ், குளிர்ச்சியான இடம், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தல். முழுசாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம்.

மின்காரன்:

என்னிடம் இருப்பது எலெக்ட்ரிக் கார், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. கையேட்டில் வாரம் ஒருமுறை 100% ஏற்று என்று போட்டிருக்கிறது. இங்கே எல்லாரும் 80ஐத் தாண்டாதே என்கிறீர்கள். அப்புறம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியையும் 80ல் நிறுத்தலாமா?

சால்டரிங் சாமி:

காருக்குக் கையேடு சொல்வதைக் கேளுங்கள். இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு 90% ஆனாலும் 40% ஆனாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றுதான், 3.3ஐ ஒட்டியே நிற்கும். வோல்ட்டைப் பார்த்துச் சார்ஜ் எவ்வளவு என்று கணிக்க முடியாது, உச்சிக்குப் போனால்தான் கணக்கு நேராகும், செல்களைச் சமன் செய்வதும் அங்கேதான். அதற்காக முழுசாக ஏற்றிவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் நிறுத்தாதீர்கள். உச்ச வோல்ட் 3.65தான் என்பதால் அந்த வகைக்கு 100% அவ்வளவு வலிக்காது, ஆனால் வலிக்காமலும் இல்லை. உறைநிலைக்குக் கீழே ஏற்றுவது மட்டும் எந்த லித்தியம் அயனிக்கும் ஆகாது, அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படியும். நல்ல கார்கள் முதலில் பேட்டரியைச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற்றும்.

லெட் ஆசிட்டைப் பழைய டார்ச் சொல்லட்டும்.

பழைய டார்ச்:

வாய்ப்புக்கு நன்றி! லெட் ஆசிட் என்றால் லித்தியத்துக்குச் சொன்னதையெல்லாம் தலைகீழாக்குங்கள். அது எப்போதும் முழுசாகத்தான் இருக்க வேண்டும். இறங்கியபடியே விட்டால் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப் படிகமாகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டினால் நிறைவு, 12க்கு வந்துவிட்டால் அன்றே ஏற்றிவிடுங்கள். தண்ணீர் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீர் ஆகாது, டிஸ்டில்டு வாட்டர்தான்.

இரண்டு வருஷ அலாரம்:

எல்லாம் படித்தேன். ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருஷம் போனை 20–80க்குள்ளேயே வைத்தேன். 80ல் அலாரம் வைத்து, ராத்திரி பன்னிரண்டரைக்கு எழுந்து சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறேன். என் மனைவி அதே போனை இஷ்டத்துக்கு ஏற்றுவாள், ராத்திரி முழுக்க சார்ஜில்தான் கிடக்கும். இரண்டு வருஷ முடிவில் என்னுடையது 91%, அவளுடையது 87%. அந்த நான்கு சதவீதத்துக்கு நான் கொடுத்த தூக்கத்தை யார் திருப்பித் தருவது?

சால்டரிங் சாமி:

உங்களைப் பார்த்து எனக்கும் இதுதான் தோன்றுகிறது, இது மனிதன் காவல் காக்க வேண்டிய வேலையே இல்லை. ராத்திரி முழுக்க வைத்தால் அதிகமாக ஏறி வெடித்துவிடும் என்பதெல்லாம் இல்லை, நிறைந்ததும் சிப் நிறுத்திவிடும். கெடுதல் அந்த ஆறேழு மணி நேரம் 100லேயே நிற்பதில்தான், இன்றைய போன்களில் 100 என்பது 4.4 வோல்ட்டைத் தாண்டுவதும் உண்டு. அதனால்தான் நீங்கள் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80ல் நிறுத்தி வைத்து, விடியும் முன் மீதியை ஏற்றும் வசதி வந்திருக்கிறது. 80லேயே பூட்டிவைக்கும் வசதியும் பல போன்களில் உண்டு. ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துவிடுங்கள். தலையணைக்கு அடியிலும் கனமான உறைக்குள்ளும் வைத்து ஏற்றாமல் இருந்தால் போதும், அலாரத்தை விட அது பெரிய உபகாரம். வேகமாக ஏற்றும் சார்ஜரிலும் நான் பயப்படுவது வேகத்துக்கு அல்ல, கையில் வைத்தால் சுடுகிறதே, அதற்குத்தான்.

செல்களும் தேறி வருகின்றன. ஐபோன் 14 வரை 500 சைக்கிளில் 80% மிஞ்சும் என்று சொன்ன ஆப்பிள், ஐபோன் 15க்கு 1,000 என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% தர வேண்டும் என்பது சட்டம்.

ராக்கோழி:

புது பேட்டரி போட்டாயிற்று. டச்பேட் 'டக்' என்கிறது, அந்தச் சத்தத்துக்காகவே நாலு தடவை சும்மா அழுத்தினேன். லேப்டாப்போடு வந்த மென்பொருளில் தேடினால், மூன்றாவது பக்கத்தில் ஒரு ஓரமாக, எப்போதும் சார்ஜரில் வைப்பவர்களுக்கு என்று 60% வரம்பும், 80% வரம்பும் இருக்கின்றன. மூன்றரை வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது! எதைப் போடுவது? வெளியே கொண்டுபோக வேண்டிய நாளில் என்ன செய்வது?

சால்டரிங் சாமி:

மேசையை விட்டு நகராது என்றீர்களே, 60. கிளம்பும் நாளில் காலையில் வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொண்டு போய்ப் பயன்படுத்துங்கள், நிறைந்து ஒரு மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்தால் எந்தக் குறையும் வராது. திரும்பி வந்து வரம்பைப் போட மறக்காதீர்கள், எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான்.

ராக்கோழி:

60 போட்டுவிட்டேன். தங்கையிடமும் 80 போடச் சொன்னேன். "517 சைக்கிள் ஓட்டினவளுக்கு 94 ஓட்டினவன் பாடம் எடுக்கிறானா" என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். சார்ஜர் இங்கேதான் கிடக்கிறது.